தீபாவளிப் பட்டிமன்றமும் ரோசலின் அத்தை முறுக்கும்

சென்னை
6.9.98

அன்புள்ள சூசைமுத்து மாமாவுக்கு ரூபி எழுதுவது.

விடுதிச் சாப்பாட்டைத் தாண்டியும் நான் நலம். நீங்களும் ரோசலின் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

மாமா, உட்கார்ந்துகொண்டு படியுங்கள். தீபாவளிச் சிறப்புப் பட்டிமன்றத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். டி.வி.யில்! நடுவர் புலவர் மலைச்சாமி ஐயா நான் பாடம் நடத்தும் பள்ளியின் ஆண்டு விழாவில் என் பேச்சைக் கேட்டவர். அவர் குழுவில் ஒரு நாற்காலி காலியாம். 'தீபாவளிக்குப் பேசு. சனம் சிரிச்சா பொங்கலுக்கும் நீதான். பொங்கலுக்கும் நின்னுட்டா சிங்கப்பூர் வரைக்கும் எங்கூட வரலாம். சிரிக்கலைன்னா பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்து' என்றார். கறாரான மனிதர்.

தலைப்பு: 'பண்டிகை நாளில் பெரிதும் பாடுபடுவது ஆண்களா, பெண்களா?' எனக்குக் கொடுத்திருப்பது ஆண்கள் கட்சி. கொடுத்த கட்சியைப் பேசியே ஆக வேண்டும், அதுதான் மேடை வழக்கம். எதிரில் குர்ஷித் பேகம் அம்மா. பன்னிரண்டு வருடம் திருவிழா மேடைகளில் விடிய விடியப் பேசிப் பழகியவர். பஸ் ஸ்டாண்டு கடைகளில் அவர் பேச்சு கேசட்டாக விற்கிறது. நானோ நம் மாதா கோயில் திருவிழாவில் உங்கள் மைக்கில் பேசியதோடு சரி.

பண்டிகையில் ஆண்கள் படும் பாடு பற்றிக் கதைகள் வேண்டும். விடுதியில் போன் வார்டன் மேசையில் இருக்கிறது, அவர் காதும் அங்கேயே இருக்கிறது. எழுதி அனுப்புங்கள்.

அத்தைக்கு என் அன்பு.
ரூபி

*

திண்டுக்கல்
11.9.98

திண்டுக்கல் வான்வெளிப் பேரரசின் ஏகச் சக்கரவர்த்தியும், முந்நூறு வீட்டுத் தொலைக்காட்சிகளுக்கு உயிர் ஊட்டுபவரும், கேபிள் கம்பம் ஏறுவதில் குரங்கினத்தாலேயே பொறாமையோடு பார்க்கப்படுபவருமான உன் தாய்மாமன் சூசைமுத்து, தன் மருமகள் ரூபிக்கு எழுதும் திருமுகம்.

சேசுவுக்குப் புகழ். இவ்விடம் நானும், உன் அத்தையும், மொட்டை மாடி டிஷ் ஆண்டெனாவும் சுகம். அத்தையின் முழங்கால் அவள் பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி அவள் பேச்சைக் கேட்காதவர் இந்த வீட்டில் எவருமில்லை.

நீ ஆண்கள் கட்சி என்று படித்ததும் என் கண்ணீரில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. ஆண் குலம் நாதியற்றுக் கிடப்பதைப் பார்த்துத்தான் ஆண்டவர் உன்னைப் படைத்திருக்கிறார். கேள்.

இரண்டு வருடத்துக்கு முந்திய கிறிஸ்துமஸ். வீட்டில் முறுக்கு சுட்டாயிற்று. (யார் சுட்டது என்றெல்லாம் எழுதத் தேவையில்லை. வீட்டில் முறுக்கு யார் சுடுவார்கள்?) நான் ஒன்றை வாயில் வைத்தேன். மின்னல் வெட்டியது. கடைவாய்ப் பல் காணவில்லை. முறுக்கு அப்படியே இருந்தது. தெரு நாய்க்குப் போட்டேன். மோந்து பார்த்து, மரியாதையாக என் காலடியில் திருப்பி வைத்துவிட்டு வேறு தெருவுக்குக் குடிபெயர்ந்தது. மூன்று நாள் மழையில் ஊறப்போட்டேன். மழைதான் ஓய்ந்தது. கடைசியில் கேபிளைக் கம்பத்தோடு இறுக்க வளையம் இல்லாமல் தவித்தபோது அதையே மாட்டினேன். இன்றைக்கும் நிற்கிறது. நம் தெருவில் படம் தெளிவாகத் தெரிவது அதனால்தான்.

எடுத்துக்கொள். இன்னும் வேண்டுமென்றால் லாரியில் அனுப்புகிறேன்.

ஆண்குலத்தின் ஆசிகளுடன்,
மாமா

*

சென்னை
4.10.98

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே நான் சுகம், தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஒளிப்பதிவு முடிந்தது. தீபாவளி வருமுன்பே வியர்க்க வியர்க்கத் தீபாவளி கொண்டாடினோம். நம் எதிர்வீட்டுச் சொர்ணலட்சுமி அக்கா ஆசையாகக் கொடுத்த சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையைத்தான் கட்டிப் போனேன். கேமராக்காரர் பதறிவிட்டார். புள்ளியெல்லாம் திரையில் கொசுக்கூட்டம் மாதிரி ஆடுகிறதாம். குர்ஷித் அம்மா தன் பெட்டியிலிருந்து ஒரு பட்டுச் சேலையைக் கொடுத்து, 'எதிர்க்கட்சி சேலை. பார்த்துப் பேசு' என்றார். கூட்டத்தினரின் கைதட்டலைத் தனியாக, சிரிப்பைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். சிரிக்காத பேச்சுக்கும் அதை ஒட்டிவிடலாமாம்.

எனக்கு அது தேவைப்படவில்லை மாமா! முதலில் பேசியது எதுவும் எடுபடவில்லை. வேர்த்துப் போய் முறுக்கை எடுத்தேன். 'எங்க ரோசலின் அத்தை சுட்ட முறுக்கு' என்று வாயில் தானாக வந்துவிட்டது. நாய் முறுக்கைத் திருப்பி வைத்த இடத்தில் நடுவர் ஐயாவே மேசையில் சாய்ந்துவிட்டார். இறங்கும்போது சொன்னார்: 'பொங்கலுக்கும் அந்த அத்தையைக் கூட்டிட்டு வந்துரும்மா.'

உங்களால்தான் மாமா.
ரூபி

*

திண்டுக்கல்
24.10.98

பார் புகழும் பட்டிமன்றப் பேரொளிக்கு, வான்வெளிச் சக்கரவர்த்தி சூசைமுத்து வாழ்த்தி எழுதுவது.

சேசுவுக்குப் புகழ். சுகம். சுகம் என்றால் சாதாரணச் சுகமில்லை.

தீபாவளி அன்று காலை பத்து மணிக்குத் தெருவில் வெடிச்சத்தம் நின்றது. கையில் கொளுத்திய ஊதுவத்தியோடு பிள்ளைகள் டி.வி. முன்னால் சிலையாக நின்றார்கள். சொர்ணலட்சுமி வீட்டு எண்ணெய்ச் சட்டி புகைந்து அடுத்த தெரு வரை மேகமூட்டம். ஒருவரும் எழவில்லை. நம் வீட்டுக் கூடத்தில் மட்டும் ஐம்பது பேர். பக்கத்து வீட்டு நர்கீஸ் அக்கா குடும்பம் ஜன்னலில் தொங்கியது. நீ 'எங்க ரோசலின் அத்தை' என்றாய் பார், கூடமே வெடித்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் மலைக்கோட்டைப் பாறை ஒரு முழம் நகர்ந்துவிட்டதாக அதிகாரிகள் கவலையோடு பேசிக்கொள்கிறார்கள். மறுநாள் மார்க்கெட்டில் எனக்கு வழிவிட்டார்கள். 'முறுக்கு மாமா வர்றாரு' என்று தேங்காய்க்காரர் எழுந்து நின்றார்.

பொங்கலுக்கும் கதைகள் தயார். அத்தையின் அதிரசம், அத்தையின் ரசம், எல்லாம் இருக்கிறது.

உன் அத்தையும் பார்த்தாள். அவள் என்ன சொன்னாள் என்றால்... பேனாவில் மை தீர்ந்துகொண்டு வருகிறது. நிறுத்துகிறேன்.

மாமா

*

சென்னை
2.11.98

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். முக்கியமாக அத்தை நலம்.

பாறை வரை எழுதிய நீங்கள் அத்தையை மட்டும் பாதி வாக்கியத்தில் விட்டுவிட்டீர்கள். அந்தக் கடிதத்தில் மை கடைசிவரை நன்றாகவே இருந்தது. அத்தை சிரித்தார்களா? கோபப்பட்டார்களா? பேரைச் சொன்னது தப்போ என்று எனக்கு அன்றிலிருந்தே உறுத்தல். நான் அத்தைக்குத் தனியாக எழுதிய கார்டுக்கும் பதில் இல்லை.

உடனே எழுதுங்கள்.
ரூபி

*

திண்டுக்கல்
29.11.98

ரூபிக்கு மாமா சூசைமுத்து எழுதுவது.

சேசுவுக்குப் புகழ். தாமதத்துக்கு மழைதான் காரணம். ஆம்ப்ளிஃபயரில் தண்ணீர் இறங்கிவிட்டது.

உன் அத்தை நத்தத்தில் தன் தங்கை ஜோஸ்பின் வீட்டில் இருக்கிறாள். வேறொன்றுமில்லை. அங்கே தோப்பில் மாமரங்களுக்கு இப்போது ஆள் துணை தேவைப்படுகிறதாம். பூக்கும் முன்னால் மரங்களுக்குக் கூச்சம் அதிகம். தீபாவளி அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள், அம்புட்டு அக்கறை. நீ போட்ட கார்டு இங்கேதான் இருக்கிறது.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். ராஜபோகம். காலையில் இட்லிக் கடை, மதியம் பிரியாணிக் கடை, ராத்திரி காலையில் மிஞ்சிய இட்லி. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்று ஒன்று உலகத்தில் இருந்ததே மறந்துவிட்டது. ஒருநாள் நானே ரசம் வைத்தேன். சொர்ணலட்சுமி வாசலோடு போனவள், 'என்னண்ணே, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறீகளா, சுண்ணாம்பு வாடை வருது?' என்றாள்.

'ரோசலின் எப்ப வருது?' என்று அவள் கேட்டபோது, 'மாமரம் விட்டால் வருவாள்' என்றேன். 'மாமரம் விட்டுரும்ண்ணே. ரோசலின் விடுமான்னு பாருங்க' என்று போய்விட்டாள்.

பொங்கல் பேச்சை நிறுத்தாதே. உன் நாற்காலி முக்கியம். என் இல்லறத்தை நான் கம்பத்தில் ஏற்றி வைத்திருக்கிறேன், பத்திரமாக இருக்கும்.

மாமா

*

சென்னை
5.12.98

அன்புள்ள ரோசலின் அத்தைக்கு,

ரூபி எழுதுகிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஜோஸ்பின் அத்தை நலமா?

மாமா நீங்கள் மாமரங்களுக்குத் துணை இருப்பதாக எழுதியிருக்கிறார். நான் நம்பவில்லை. என் பேச்சினால்தான் வீட்டை விட்டுப் போனீர்கள் என்று தெரிகிறது. ஊரே பார்க்கும் இடத்தில் உங்கள் பேரைச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள்.

ஒன்றை மறைக்க மனமில்லை. பொங்கலுக்கு நடுவர் உங்களைப் பற்றித்தான் மறுபடி பேசச் சொல்கிறார். 'அத்தை இல்லாட்டி நீ எதுக்கு?' என்று நேராகவே கேட்டுவிட்டார். இந்தத் தடவை தலைப்பு, 'குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது ஆண்களா, பெண்களா?' மறுபடி எனக்கு ஆண்கள் கட்சி. நீங்கள் வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் பேசப் போகவே மாட்டேன்.

உங்கள் ரூபி

*

நத்தம்
14.12.98

அன்புள்ள ரூபிக்கு அத்தை ஆசீர்வாதம். நான் சுகம். முழங்கால் அப்படியேதான்.

நீ சொன்ன அந்த முறுக்கு நான் சுட்டது இல்லை.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு நான் டைபாய்டில் படுத்துவிட்டேன். உங்கள் மாமாதான் சுட்டார். உளுந்து மாவு சேர்க்கவில்லை, வெண்ணெய் சேர்க்கவில்லை. 'நான் சுட்டால் திண்டுக்கல்லே திரும்பிப் பார்க்கும்' என்று வேறு சொன்னார். அதை நான் தெருவுக்கு அனுப்ப விடவில்லை.

நம் தெரு வழக்கம் உனக்குத் தெரியும். தீபாவளிக்கு அவர்கள் வீட்டுத் தட்டு நமக்கு வரும். கிறிஸ்துமஸுக்கு நம் தட்டு அவர்களுக்குப் போகும். நான் கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து என் கை முறுக்கு போகாத வீடு அந்தத் தெருவில் இல்லை. நர்கீஸ் பிள்ளைகள் வாசலில் காத்து நிற்கும். அந்தப் பிள்ளைகளே தீபாவளி அன்று, 'அத்தை, உங்க முறுக்கைக் குடுங்க, ஆணி அடிக்கணும்' என்று வந்து நின்றன.

சிரித்ததில் எனக்குக் கோபம் இல்லை ரூபி. நீ நன்றாகப் பேசினாய். எனக்கே நாய் வந்த இடத்தில் சிரிப்பு வந்தது. ஆனால் ஐம்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தபோது மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். 'அது நான் சுட்டது' என்று ஒரு வார்த்தை. அவர் சொல்லவில்லை. கூட்டத்தோடு அவரும் சிரித்தார்.

நீ பேசப் போகாமல் இருக்காதே. அந்த நாற்காலிக்கு நீ எப்படி வந்தாய் என்று எனக்குத் தெரியும். என்னைப் பற்றிப் பேசினாலும் சரி. ஆனால் கிறிஸ்துமஸுக்கு நான் திண்டுக்கல் போகவில்லை. இந்த வருடத் தட்டை அவரே சுட்டு அனுப்பட்டும் என்று சொல்லியனுப்பிவிட்டேன்.

குளிர் காலம், தொண்டையைப் பார்த்துக்கொள்.
அத்தை

*

திண்டுக்கல்
28.12.98

ரூபிக்கு மாமா எழுதுவது. கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

உடம்பு சுகம். கைவிரல்களில் மட்டும் எண்ணெய் பட்ட கொப்புளங்கள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இதை நீ ஒருவரிடமும் சொல்லக்கூடாது. தட்டு அனுப்பும் பொறுப்பை உன் அத்தை எனக்கு வழங்கியிருந்தாள். கடையில் வாங்கி அனுப்பலாம் என்றால், கடை முறுக்கை நம் தெரு வாசனையிலேயே பிடித்துவிடும். ஆகவே மாவு பிசைந்தேன். முறுக்குக் குழலை அழுத்தியதில் தோள்பட்டை எட்டு ஊருக்குக் கேட்கும்படி முறிந்தது. ஆனாலும் அவை வடிவத்தில் குறை சொல்ல முடியாதவை. கோயிலில் வைக்கலாம். அடுக்கித் துணி மூடித் தெரு முழுக்க அனுப்பிவிட்டேன்.

செத்த நேரத்தில் சொர்ணலட்சுமி, கையில் ஒரு முறுக்கோடு வாசலில் வந்து நின்றாள்.

'ஏண்ணே, இது அந்த டி.வி. முறுக்குல்ல?'

'எந்த டி.வி.?'

'நாய் திருப்பி வச்சதே, அந்த முறுக்கு. ரோசலின் ஊர்லயே இல்ல. இதை யாரு சுட்டது?'

பின்னாலேயே நர்கீஸ் அக்கா. 'பாய் கடிச்சிட்டு உக்காந்துட்டாருண்ணே. பேச மாட்டேங்குறாரு. அப்ப அன்னைக்கும் சுட்டது நீங்கதானா?'

அந்தச் சமயம் பார்த்து ஒரு கேபிள் கோளாறு நினைவுக்கு வந்தது. ஏணிகூட எடுக்காமல் கம்பத்தில் ஏறிவிட்டேன். கீழே பார்த்தால் தெருவே கூடிவிட்டது. ஆளுக்கொரு முறுக்கு.

'இறங்குங்கண்ணே! ஒண்ணும் செய்ய மாட்டோம்!'

'ரோசலினைப் போயி இம்புட்டு நாளா நக்கலடிச்சோமே, நீங்க பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டு இருந்தீகளே!'

'மாமா, மேல வளையம் மாட்டணுமா? இங்க நெறைய இருக்கு!' இது நர்கீஸ் பிள்ளை.

இருட்டும் வரை இறங்கவில்லை. மேலிருந்து பார்த்தால் நத்தம் ரோடு நன்றாகத் தெரிகிறது. பஸ் ஒவ்வொன்றாக வந்தது.

வேறு விசேஷம் இல்லை. வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது. எல்லாச் சேனலும் ஓடுகிறது, இருந்தும்.

மாமா

*

சென்னை
6.1.99

அன்புள்ள மாமாவுக்கு,

கைக் கொப்புளம் ஆறியதா? மருந்து போட்டீர்களா? நான் நலம் என்று எழுத ஆசை. ஆனால் போன் மணி அடிக்கும்போதெல்லாம் வார்டன் மேசைக்கு ஓடுகிறேன்.

பொங்கல் ஒளிப்பதிவு நேற்று முடிந்தது. நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். இத்தனை வருடத்தில் மலைச்சாமி ஐயா மேடையில் யாருமே செய்யாத காரியமாம். என்ன என்று எழுத மாட்டேன், நீங்களே பாருங்கள். ஐயா மணியைக்கூட அடிக்கவில்லை, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் நேராகப் போய்க் காரில் ஏறிவிட்டார். 'வெட்டுனா வெட்டட்டும். நீ சோறு சாப்பிடு' என்று குர்ஷித் அம்மாதான் என்னைக் கூட்டிப் போனார்.

இனி அவர் கையில் இருக்கிறது. என் பேச்சை வெட்டிவிட்டால் எனக்கு அந்த மேசையில் இடமில்லை. வெட்டாவிட்டால் உங்களுக்கு ஊரிலேயே இடமில்லை.

அதனால் பொங்கலன்று திண்டுக்கல்லில் இருக்காதீர்கள். நத்தத்துக்குப் போங்கள். அத்தை டி.வி. பார்க்கும் இடத்தில் இருந்து பாருங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமா.
ரூபி

*

திண்டுக்கல்
17.1.99

அன்புள்ள ரூபி,

சேசுவுக்குப் புகழ். இவ்விடம் இருவரும் சுகம்.

பொங்கலன்று முதல் பஸ்ஸில் நத்தம் போனேன். ஜோஸ்பின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். உன் அத்தை எட்டிப் பார்த்தாள். 'வாங்க' என்று சொல்லவில்லை, 'போங்க' என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். ஜோஸ்பின் ஒரு தம்ளர் காபியை ஜன்னல் வழியாக நீட்டினாள். நின்ற இடத்திலிருந்து டி.வி.யில் பாதியும், உன் அத்தையின் முதுகும் தெரிந்தன.

நீ எழுந்தாய். 'எங்க ரோசலின் அத்தை' என்று ஆரம்பித்தாய். அவள் முதுகு விறைத்தது. நான் காபித் தம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு நீ சொன்னாய், 'நடுவர் அவர்களே, தீபாவளிக்கு நான் சொன்ன முறுக்கை அத்தை சுடலை. எங்க மாமா சுட்டது. நான் கட்சி மாறுறேன்.' நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்த நீள மேடையைக் கடந்து போனாய். குர்ஷித் பேகம் நகர்ந்து இடம் கொடுத்தது. அங்கே நின்று என் கம்பத்துக் கதை முழுவதையும் சொன்னாய். ஒரு வரி விடவில்லை. 'அடுத்தவர் சுட்ட முறுக்குக்குப் பழியை வாங்கிக்கிட்டு, எம் பேச்சை நிறுத்தாதேன்னு எழுதுனாங்களே, அதுக்குப் பேரு விட்டுக்கொடுக்கிறது. இதுல ஆண்கள் கட்சிக்காகப் பேச எங்கிட்ட ஒண்ணும் இல்ல' என்றாய். ஐயா ஒன்றையும் வெட்டவில்லை ரூபி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததைக்கூட வைத்திருந்தார்கள்.

கம்பத்தடியில் ஆளுக்கொரு முறுக்கோடு தெரு நின்றதை நீ சொன்னபோதுதான், உள்ளேயிருந்து சத்தம் வந்தது. உன் அத்தை சிரித்தாள்.

ரூபி, எனக்கு எழுதத் தெரியும் என்று உனக்குத் தெரியும். பாறையை நகர்த்தியிருக்கிறேன், நாயைக் குடிபெயர வைத்திருக்கிறேன். மூன்று நாளாக இந்தச் சிரிப்பைக் கொஞ்சம் பெரிதாக்கி எழுதலாம் என்று உட்கார்ந்து பார்க்கிறேன். முடியவில்லை. அவள் சிரித்தாள், அம்புட்டுத்தான்.

அப்புறம் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: 'வாசல்ல நின்னு யாரு மானத்தைக் காக்குறீக? உள்ள வாங்க.'

உள்ளே போனேன்.

அன்று சாயங்காலமே ஊர் திரும்பினோம். தெருமுனையில் இறங்கும்போதே பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கத்த ஆரம்பித்துவிட்டன. அவள் எனக்கு முன்னால் நடந்தாள், முழங்கால் வலியோடுதான், ஆனாலும் வேகமாக. இன்று காலையிலிருந்து வீட்டில் எண்ணெய் காய்கிறது. கிறிஸ்துமஸ் போய் இத்தனை நாளாயிற்றே என்றேன். 'தட்டு போகாத கிறிஸ்துமஸ் என்ன கிறிஸ்துமஸ்?' என்கிறாள். உளுந்து மாவு சலிப்பது என் வேலை. எழுந்து வரச் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

உன் ஐயா சிங்கப்பூருக்குக் கூப்பிட்டால் எழுது. கூப்பிடாவிட்டாலும் எழுது.

மாமா

அடுப்படியிலிருந்து எழுந்து வந்து எழுதுகிறேன் ரூபி. உன் ஐயா போனே செய்துவிட்டார். பொங்கலுக்கு மாமாவும் நத்தத்தில்தான் இருப்பார் என்று ஜோஸ்பின் வீட்டு நம்பரை நீ கொடுத்திருக்கிறாய் போல, அங்கே பேசியிருக்கிறார். 'சித்திரைக்கும் ரூபிதான். அந்த மாமா இன்னும் என்னென்ன செஞ்சிருக்காருன்னு விசாரிச்சு வைங்கம்மா' என்றாராம். நான் ஜோஸ்பினிடம் சொல்லியிருக்கிறேன், ஒரு பேச்சுக்கெல்லாம் அடங்காது என்று. இவரிடம் இன்னும் சொல்லவில்லை. மாவு சலிக்கட்டும்.
- அத்தை